கடைசிப் பீரியடில் இலத்தீன்

பெங்களூர் காக்ஸ் டவுனில் இருக்கும் புனித பிளேசியார் உயர்நிலைப் பள்ளியில் புதனும் வெள்ளியும் கடைசிப் பீரியட் மணி அடித்ததும் எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகள் இரண்டாகப் பிரிவார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் மாடி வகுப்பறைக்குப் போய் மறைக்கல்வி படிப்பார்கள். இந்துக்கள், முஸ்லிம்கள், ஜைனர்கள், பௌத்தர்கள், வீட்டில் என்ன சாமி என்று கேட்டால் அம்மாவைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்பவர்கள் ஆகிய மற்ற எல்லாரும் கீழே பெரிய ஹாலில் மாரல் சயன்ஸ் படிப்பார்கள். கத்தோலிக்கப் பள்ளியில் கத்தோலிக்கர்களுக்கு ஒரு வகுப்பறை போதும், மற்றவர்களுக்கு ஹால் வேண்டும் என்பது அங்கே யாருக்கும் விசித்திரமாகப் படுவதில்லை. அட்மிஷனுக்கு விடிவதற்கு முன்பே வந்து வரிசையில் நிற்கும் பெற்றோர் அனைவருக்கும் கான்வென்ட் டிசிப்ளின் என்ற ஒரே மதம்தான்.

மாரல் சயன்ஸ் எடுத்தவர் தமயந்தி. ஜோகுபாளையத்துக்காரர். அவருடைய அப்பா பகலில் லேத் பட்டறையிலும் சனிக்கிழமை மாலைகளில் பஜனைக் கோஷ்டியின் ஹார்மோனியத்திலும் வேலை பார்த்தவர். தமயந்தி வரலாறு படித்து, பி.எட். முடித்து, பிரசவ லீவில் போன ஒரு டீச்சருக்குப் பதிலாக மூன்று மாதத்துக்கு என்று இந்தப் பள்ளிக்கு வந்தார். போன டீச்சர் திரும்பி வரவில்லை. அவர் பெற்ற குழந்தை இதே பள்ளியில் சேர்ந்து, படித்து முடித்து, வெளியேயும் போய்விட்டது. தமயந்தி இன்னும் தற்காலிகம்தான்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் அவரைப் புதிதாக நியமிப்பார்கள். ஒவ்வொரு ஜூன் மாதமும் அவர் புதிதாக நன்றி சொல்வார். கணவர் மாநகரப் பேருந்தில் கண்டக்டர். பெயர் உத்தமன். மாரல் சயன்ஸ் மிஸ்ஸின் வீட்டுக்காரர் பெயர் உத்தமன் என்று பிள்ளைகள் கண்டுபிடித்த வருடம் மட்டும் வகுப்பை நடத்துவது கொஞ்சம் சிரமமாக இருந்தது.

மாரல் சயன்ஸ் புத்தகம் மெலிசானது. தெருவில் கிடந்த பர்ஸை எடுத்து உரியவரிடம் சேர்க்கும் பையன் எட்டாம் வகுப்புப் புத்தகத்திலும் வருவான், ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்திலும் வருவான். ஒன்பதில் பர்ஸ் சற்றுப் பெரிது. எப்படி இழுத்தாலும் ஆகஸ்ட் மாதத்தோடு நல்லொழுக்கம் தீர்ந்துவிடும். மிச்சமிருக்கும் மாதங்களில் ஒரு ஹால் நிறையப் பிள்ளைகளைச் சும்மா உட்காரவைக்க முடியாது என்பதால் தமயந்தி அவர்களைப் பாடவைத்தார். அதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. பாடும்போது அவர்களால் பேச முடியாது, அவ்வளவுதான்.

அப்போதிருந்த முதல்வர் ஒருநாள் வராந்தாவில் போனவர் நின்று கேட்டார். பள்ளித் திருநாள் பூசைக்கு இவர்களே பாடட்டும் என்று சொல்லிவிட்டார். எந்த மொழியில் பாடுவது என்ற கேள்வி வந்தது. தமிழில் பாடினால் கன்னடக்காரர்கள் எழுந்து போவார்கள். கன்னடத்தில் பாடினால் தமிழர்கள் எழுந்து போகமாட்டார்கள், உட்கார்ந்து முனகுவார்கள். கொங்கணியில் பாடினால் எதிர்ப்பதற்கு இருவரும் சேர்ந்துகொள்வார்கள். ஆங்கிலத்தில் பாடலாம், ஆனால் அதை ஆங்கிலோ இந்தியர்கள் திருத்துவார்கள். கடைசியில் இலத்தீன் என்று முடிவானது. யாருக்கும் புரியாத மொழி என்பதால் யார் மனமும் புண்படவில்லை.

முதல்வர் ஒரு பழைய கேசட் கொடுத்தார். தமயந்தி அதைக் கேட்டு, இலத்தீனைத் தமிழ் எழுத்தில் எழுதி, ஹார்மோனியத்தில் சுரம் பிடித்து, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். கேசட்டில் ஓரிடத்தில் டேப் தேய்ந்து, பாட்டு திடீரென்று மெதுவாகி, அரைச் சுரம் இறங்கி, பிறகு நிமிரும். தேய்மானம் எது, சங்கீதம் எது என்று பிரித்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை. பிள்ளைகள் அந்த இடத்தில் மெதுவாகி, அரைச் சுரம் இறங்கி, நிமிர்ந்தார்கள். வருடா வருடம் அப்படியே.

இப்படியாக, பள்ளித் திருநாள் பூசையில் இலத்தீன் கீதம் பாடும் கொயர் குழுவில் ஒரு கத்தோலிக்கப் பிள்ளைகூட இல்லை என்ற நிலை, யாரும் திட்டமிடாமலேயே உருவாகி நிலைத்தது. அவர்கள்தான் அந்த நேரத்தில் மாடியில் இருந்தார்களே.

இதைக் கண்டுபிடித்தவர் ஜெயராஜ். இன்சூரன்ஸ் ஆபீஸில் மேலாளர், பெற்றோர் சங்கத்தின் செயலாளர். அவருடைய மகள் பெனிட்டா ஒன்பதாவது படித்தாள். ஜனவரியில் ஒருநாள் அவர் புது முதல்வர் தியோடர் ஃபாதரின் அறையில் உட்கார்ந்திருந்தார். தமயந்தியைக் கூப்பிட்டனுப்பினார்கள்.

"நான் தப்பா சொல்லல ஃபாதர்," என்றார் ஜெயராஜ். "எல்லாம் தங்கமான புள்ளைங்க. ஆனா நம்ம பூசையில நம்ம புள்ளை ஒண்ணுகூட பாடலன்னா, வர்றவங்க என்ன நெனைப்பாங்க?"

"ஒண்ணுகூடவா இல்ல?" என்று ஃபாதர் தமயந்தியைப் பார்த்தார்.

"போன வருஷம் ஒரு பையன் இருந்தான் ஃபாதர். மலையாளி. சிரியன் கிறிஸ்டியன்."

"அது வேற கணக்கு," என்றார் ஜெயராஜ்.

தியோடர் ஃபாதர் கெட்டவர் அல்லர். நிர்வாகவியலில் முதுகலை படித்தவர், அவ்வளவுதான். பள்ளி வாசலில் மூன்று மொழிகளில் பெயர்ப்பலகை வைத்து, ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு நற்பண்பை அதில் எழுதவைத்தவர் அவர். ஜனவரிக்குப் பகிர்வு. பிப்ரவரிக்கு உண்மை.

"மிஸ், திருநாள் பிப்ரவரி மூணாம் தேதி. அதுக்குள்ள கொயர்ல பாதியாவது கத்தோலிக்கப் பிள்ளைங்க இருக்கணும். ரிட்டயர்ட் பிஷப் ஒருத்தர் வர்றாரு, ரோம்ல மியூசிக் படிச்சவரு. முடியலன்னா சொல்லிடுங்க, ஒரு கீபோர்டு மாஸ்டர் கேட்டுக்கிட்டே இருக்காரு. அவர்கிட்ட கொயரைக் குடுத்துடலாம். உங்களுக்கும் பாரம் குறையும்."

தமயந்தி வாழ்நாளில் பாரம் குறைய வேண்டும் என்று கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து உத்தமனிடம் சொன்னார். உத்தமன் அப்போதுதான் டியூட்டி முடிந்து வந்து காலை நீட்டியிருந்தார்.

"போனா போவட்டும் விடு. கொயருக்குன்னு தனியா சம்பளமா குடுக்கிறாங்க?"

"கொயர் போச்சுன்னா நான் மார்ச் மாசம் வரைக்கும் பர்ஸ் கதை சொல்லணும்."

உத்தமன் யோசித்துப் பார்த்தார். "அது கஷ்டம்தான்," என்றார்.

பிரச்சினை நேரம்தான். பாட்டு நடக்கும் பீரியடில் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்வியில் இருந்தார்கள். இடைவேளையில் பத்து நிமிஷம் கிடைத்தது. அதில் பாதி பிஸ்கட்டுக்குப் போனது. பள்ளி விட்ட பிறகு ஹாலைப் பூட்டிவிடுவார்கள். தமயந்தி இருபது பேரைப் பிடித்து இடைவேளையில் பாடவைத்துப் பார்த்தார். இருவருக்குப் பாட்டு வந்தது. மற்றவர்களிடம் ஆர்வம் இருந்தது. பெனிட்டாவிடம் எல்லாரையும்விட அதிகம் இருந்தது. அவள் குரல் உரத்தது, தெளிவானது, எந்தச் சுரத்துக்கும் கட்டுப்படாதது.

திருநாளுக்கு நான்கு நாள் இருக்கையில் தமயந்தி குழுவை வரிசைப்படுத்தினார். முன்னால் இரண்டு வரிசை கத்தோலிக்கப் பிள்ளைகள், பின்னால் இரண்டு வரிசை பழைய பிள்ளைகள்.

"முன்னாடி நிக்கிறவங்க வாயை மட்டும் அசைங்க. பின்னாடி நிக்கிறவங்க பாடுங்க. யாரும் திரும்பிப் பாக்கக்கூடாது."

பெனிட்டா கையைத் தூக்கினாள். "மிஸ், அது பொய் இல்லையா?"

"பேசினாத்தானே பொய்? நீ எதுவும் பேசப்போறதில்லையே."

பதில் புத்தகத்தில் இருந்த எந்தப் பாடத்திலிருந்தும் எடுக்கப்பட்டதல்ல. பின்வரிசையில் நின்ற நூரைன் மட்டும் சிரித்தாள். டேனரி ரோட்டிலிருந்து வரும் பெண். தனியாகப் பாட வேண்டிய இடத்தை இரண்டு வருடமாக அவள்தான் பாடிவந்தாள். ரமலான் மாதமாக இருந்தால் தண்ணீர்கூடக் குடிக்காமல் பாடுவாள்.

திருநாளன்று மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். புனித பிளேசியார் தொண்டைக்குக் காவலர். பூசைக்கு முன்னால் ஆயர், அதாவது அந்த ரிட்டயர்ட் பிஷப், இரண்டு மெழுகுவர்த்திகளைக் குறுக்காகப் பிடித்து ஒவ்வொருவர் தொண்டையையும் மந்திரித்தார். பெனிட்டாவின் தொண்டையும் அதில் அடங்கும். அன்றைக்கு அதை அவள் உபயோகிக்கப்போவதில்லை என்று ஆயருக்குத் தெரியாது.

கீதம் நன்றாகவே வந்தது. முன்வரிசை வாயசைத்தது, பின்வரிசை பாடியது, நூரைன் தனியாக மேலே போனாள், எல்லாரும் குறிப்பிட்ட இடத்தில் மெதுவாகி அரைச் சுரம் இறங்கி நிமிர்ந்தார்கள். ஆயர் கண்ணை மூடிக்கொண்டார். ஜெயராஜ் மகளைச் செல்போனில் படம் எடுத்தார். தியோடர் ஃபாதர் நீண்ட நாளுக்குப் பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

நன்மை கொடுக்கும் நேரம் வந்தது. குருவின் கையால் அப்பம் வாங்கிக்கொள்வதைத்தான் அப்படிச் சொல்வார்கள். கத்தோலிக்கர்களுக்கு மட்டும் உரியது. வழக்கமாக மக்கள்தான் எழுந்து பீடத்துக்குப் போவார்கள். அன்றைக்கு ஆயர் பாட்டில் உருகிவிட்டதால், பாடியவர்களுக்கு முதலில் என்று சொல்லிக்கொண்டு தாமே பாத்திரத்துடன் இறங்கி வந்தார். முன்வரிசை வாங்கிக்கொண்டது. அடுத்த வரிசையும் வாங்கிக்கொண்டது. மூன்றாம் வரிசையில் முதல் பையன் இரண்டு கையையும் மார்பின் குறுக்கே வைத்துத் தலையைக் குனிந்தான். கத்தோலிக்கர் அல்லாதவர்கள் ஆசீர் மட்டும் பெற்றுக்கொள்வதற்கு அதுதான் முறை. தமயந்தி அதையும் சொல்லிக்கொடுத்திருந்தார். ஆயர் அவன் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். அடுத்த பெண் கையைக் குறுக்கே வைத்தாள். அதற்கடுத்தவனும் வைத்தான். வரிசை முழுக்கக் கைகள் குறுக்கே இருந்தன. அதன் பின்வரிசையிலும் இருந்தன. ஆயர் ஒருவரையும் விடாமல் ஆசீர்வதித்துக்கொண்டே போனார். அப்பம் வைத்த பாத்திரம் அவருடைய இடதுகையில் சும்மா இருந்தது. அவர் பீடத்துக்குத் திரும்பிச் சேர்வதற்குள் அன்றைக்கென்று பங்குக் கோயிலிலிருந்து வந்திருந்த ஆர்கன்காரர் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக் களைத்துவிட்டார்.

பூசை முடிந்து காலை உணவு. எந்தச் சமூகமும் கோபித்துக்கொள்ளாதபடி கட்லெட், இட்லி வடை, பிளம் கேக் மூன்றும் இருந்தன. ஆயர் தமயந்தியைக் கூப்பிட்டார்.

"அந்த ஒரு இடத்துல இழுத்து, இறங்கி, எழுந்தீங்களே. ரோம்லகூட நான் அப்படிக் கேட்டதில்லம்மா. எங்க கத்துக்கிட்டீங்க?"

"பழசு ஆண்டகை," என்றார் தமயந்தி. அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. பேசாமல் இருப்பது பொய்யாகாது என்ற கொள்கையை அவர் தமக்கும் பொருத்திக்கொண்டார்.

ஆயர் பக்கத்தில் கேக் தட்டோடு நின்ற பெனிட்டாவைப் பார்த்தார். முதல் வரிசையில் நடுவில் நின்றவள் என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது.

"நீ பாடும்மா. அந்த ஒரு வரி மட்டும்."

ஜெயராஜ் செல்போனை எடுத்தார்.

"நான் பாடல ஆண்டகை," என்றாள் பெனிட்டா. "வாயை மட்டும் அசைச்சேன். மிஸ் அப்படித்தான் சொன்னாங்க. எங்க ரெண்டு லைனும் பாடல. பின்னாடி நின்னவங்கதான் பாடுனாங்க."

மறைக்கல்வி வகுப்பில் அந்த மாதம் எட்டாவது கட்டளை நடந்துகொண்டிருந்தது. பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது அது. வாசலில் பலகையிலும் உண்மை என்றே எழுதியிருந்தது, மூன்று மொழிகளில். பள்ளி தன்னால் முடிந்ததையெல்லாம் செய்திருந்தது.

"உண்மையாம்மா?" என்றார் ஆயர்.

"உண்மைதான் ஆண்டகை," என்றார் தமயந்தி. "நான் பாட்டு எடுக்கிற நேரத்துல இவங்க மறைக்கல்வியில இருப்பாங்க. கத்துக்க நேரமே கிடைக்கல."

"ரெண்டையும் ஏன் ஒரே நேரத்துல வச்சிருக்கீங்க?" என்று ஆயர் தியோடர் ஃபாதரைக் கேட்டார்.

இந்தக் கேள்வியை அந்தப் பள்ளியில் யாரும் கேட்டதில்லை. "டைம்டேபிள் ஆண்டகை," என்றார் ஃபாதர். ஆயர் கட்லெட்டை எடுத்துக்கொண்டார். அதன்பின் காரில் ஏறும்வரை அவர் மழையைப் பற்றி மட்டும் பேசினார். பிப்ரவரியில் பெங்களூரில் மழை பெய்வதில்லை.

மறுநாள் முதல்வர் அறையில் தமயந்தி நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பூசை பீடத்துக்கு முன்னாடி பிள்ளைங்களைப் பொய் சொல்ல வச்சிருக்கீங்க மிஸ்."

"ஆமா ஃபாதர்."

"நீங்க மாரல் சயன்ஸ் டீச்சர்."

"ஆமா ஃபாதர்."

"உங்களை நான் எப்படி மாரல் சயன்ஸ் எடுக்க விடறது?"

கொயர் போய்விட்டது என்று தீர்மானித்துக்கொண்டுதான் தமயந்தி அன்று காலை கிளம்பியிருந்தார். சாமான்களோடு சாமானாக ஹார்மோனியத்தையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும் என்று உத்தமனிடம் சொல்லியும் வைத்திருந்தார்.

ஃபாதர் ஒரு நிர்வாகி. குற்றம் மாரல் சயன்ஸில் நடந்தது என்பதால் தண்டனையும் மாரல் சயன்ஸிலேயே இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தார். அன்றிலிருந்து அந்த வகுப்பை அவரே எடுப்பார். தமயந்தியிடம் மிச்சமிருந்தது பாட்டு மட்டும். இனிமேல் பள்ளி விட்ட பிறகு ஹாலைத் திறந்து வைப்பார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகளும் வரலாம், எல்லாரும் வரலாம், எல்லாரும் சத்தமாகப் பாட வேண்டும். பத்தாம் வகுப்பு ஆசீர் பூசை வரைக்கும் பார்ப்பது. சரிவராவிட்டால் கீபோர்டு மாஸ்டர்.

நல்லொழுக்கம் கற்பிக்கத் தகுதியற்றவர் என்று முடிவான பெண்மணி மிகுந்த மகிழ்ச்சியோடு வெளியே வந்தார். மகிழ்ச்சி மாலை வரை நீடித்தது.

பள்ளி விட்ட பிறகு ஹாலுக்கு வந்தவர்களில் கத்தோலிக்கப் பிள்ளைகள் இருபது பேரும் இருந்தார்கள். எல்லாரும் காக்ஸ் டவுனில் நடந்து போகும் தூரத்தில் இருப்பவர்கள். பழைய பிள்ளைகளில் நான்கு பேர் வந்தார்கள். மற்றவர்களை வேன் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. நூரைனும் அதில் போய்விட்டாள். பாடத் தெரிந்தவர்கள் வேனிலும் பாடத் தெரியாதவர்கள் ஹாலிலுமாகக் குழு இப்போது வேறு விதத்தில் பிரிந்திருந்தது.

வேன்காரர் ராஜேந்திரன் ஜோகுபாளையத்தில் தமயந்தியின் பின்தெருக்காரர். வண்டியில் ஒரு பக்கம் புத்தர் படம், இன்னொரு பக்கம் பள்ளி ஒட்டச் சொன்ன பிளேசியார் படம்.

"அரை மணி லேட்டா எடுக்க முடியாதா ராஜேந்திரா?"

"அக்கா, அரை மணி விட்டா ரோடு அடைச்சிக்கும். அப்புறம் காவல்பைரசந்திரா போயி சேர்றதுக்குள்ள இதுங்களுக்குக் கல்யாண வயசு வந்துடும்."

"இப்ப மட்டும் ரோடு காலியாவா இருக்கு?"

"இல்லதான். இப்பவே பாட்டரி ரோட்டுல நின்னாக்கா நின்னதுதான்."

தமயந்தி சற்று நேரம் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செவ்வாயும் வியாழனும் ஹாலை விட்டுவிட்டு வேனில் ஏறிக்கொள்வது என்று ஏற்பாடானது. டிரைவர் பக்கத்தில், பைகளுக்கு நடுவே, சாலையைப் பார்க்காமல் பிள்ளைகளைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். பெங்களூரில் ஒரு குழுவுக்கு முழுசாக ஒரு மணி நேரப் பயிற்சி தருவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. யாரும் எழுந்து போக முடியாது. பக்கத்து ஆட்டோக்காரர்கள் முதல் வாரம் எட்டிப் பார்த்தார்கள். இரண்டாம் வாரம் ஹார்ன் அடிப்பதைக் குறைத்தார்கள் என்று ராஜேந்திரன் சொன்னார். அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ராஜேந்திரனுக்கும் பாட்டு மனப்பாடமாகிவிட்டது. அர்த்தம்தான் தெரியாது. அந்த விஷயத்தில் அவர் குழுவில் யாருக்கும் குறைந்தவர் அல்லர்.

ஹாலில் மற்ற நாட்களில் இன்னொரு போராட்டம் நடந்தது. பெனிட்டா ஒருநாள்கூடத் தவறவில்லை. எல்லாரும் சத்தமாகப் பாட வேண்டும் என்ற முதல்வரின் கட்டளையை அவள் மனப்பூர்வமாக நிறைவேற்றினாள். மூன்றாம் வாரம் அவளைக் கூட்டிப்போக வந்த ஜெயராஜ் ஹாலுக்கு வெளியே நின்று கேட்டார். முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"மிஸ், ஒரு விஷயம். அவளைக் கொஞ்சம்... மெதுவா பாடச் சொல்லலாமே?"

"நீங்களே சொல்லுங்க சார். நான் ஏதாவது சொன்னா ஆண்டகை வரைக்கும் போயிடும்."

ஜெயராஜ் மகளின் பையை வாங்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

பத்தாம் வகுப்பு ஆசீர் பூசை என்பது போர்டு பரீட்சைக்கு முன்னால் நடப்பது. எந்த மதத்துப் பெற்றோரும் தவறவிடாத பூசை அது ஒன்றுதான். ஹால் டிக்கெட்டைப் பீடத்தில் வைத்து எடுப்பார்கள். அதற்கு முந்தின சனிக்கிழமை ஹால் பிள்ளைகளும் வேன் பிள்ளைகளும் முதல்முறையாக ஒன்றாகப் பாட நின்றார்கள். தியோடர் ஃபாதர் கடைசி நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் மெலிந்த உடம்பும் புதுச் சட்டையுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் உறைபோட்ட கீபோர்டு இருந்தது.

இந்த முறை முன்வரிசை பின்வரிசை என்று தமயந்தி பிரிக்கவில்லை. ஹால் பிள்ளை ஒன்று, வேன் பிள்ளை ஒன்று என்று மாற்றி மாற்றி நிறுத்தினார். பெனிட்டாவுக்குப் பக்கத்தில் நூரைனை நிறுத்தினார். ஹார்மோனியத்தில் சுருதி கொடுத்தார்.

முதல் தடவை மோசம். கீபோர்டு மாஸ்டர் உறையின் ஜிப்பைப் பாதி திறந்தார்.

"இன்னொரு தடவை," என்றார் தமயந்தி.

இரண்டாம் தடவை நூரைன் பெனிட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு பாடினாள். சுரம் ஏறுகிற இடத்தில் கையைத் தூக்கினாள், இறங்குகிற இடத்தில் கீழே இழுத்தாள். தேய்ந்த டேப்பின் இடம் வந்தபோது கை கிட்டத்தட்ட முழங்கால் வரைக்கும் போய்விட்டு மேலே வந்தது. பெனிட்டாவின் குரலும் ஏறத்தாழ அதே பாதையில் போய் வந்தது. அரைச் சுரம் அங்கே இங்கே இருந்தது. ஆனால் மற்றவர்களோடு ஒரே ஊரில் இருந்தது.

கடைசி நாற்காலியில் தியோடர் ஃபாதர் ஜிப்பின் மேல் கையை வைத்து, "அப்புறம் பாக்கலாம் மாஸ்டர்," என்றார். கீபோர்டு மாஸ்டர் எழுந்துபோகாமல் உட்கார்ந்து கேட்டார்.

"நீ ரொம்ப சத்தமா பாடற," என்றாள் பெனிட்டா, கையை உருவிக்கொண்டு. "எனக்கு என் குரலே கேக்கல."

"அப்படித்தான் இருக்கணும்," என்றாள் நூரைன். "கையைக் குடு. மிஸ் மறுபடி ஆரம்பிக்கிறாங்க."